குலசைக் கழிவு

டாக்டர் சங்கரலிங்கம் மெட்ராஸிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இறங்கியபோது அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேள்வித்தாள் இருந்தது. கடற்கரைச் சாலையில் ஒரு பழைய கிட்டங்கியின் மாடியை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, மனநல ஆய்வகம் என்று பலகை மாட்டினார். கீழே கருவாட்டு மூட்டை, மேலே மனநலம். ஒரே மாதத்தில் ஊர் அதற்குக் கோட்டி ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துவிட்டது. பலகைக்குச் செலவழித்த பெயிண்ட் வீண்தான்.

உண்மையில் கோட்டி பிடித்தவர்களைத் தேடி அவர் வரவில்லை. புத்தி தெளிவாக இருக்கும், வேலைக்குப் போவார்கள், சிரிப்பார்கள். ஆனால் சுபாவமே வியாதியாகி, தானும் நிம்மதியாக இராமல் கூட இருப்பவர்களையும் இருக்க விடாமல் சிலர் அல்லாடுகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி. அவர்களை எப்படிக் கண்டுகொள்வது, கோளாறை எப்படி அளப்பது, சரிசெய்ய வழி உண்டா. ஆளுமைக் கோளாறு என்று அதற்குப் பெயர். இருபது கேள்வி. பன்னிரண்டோ அதற்கு மேலோ 'ஆம்' வந்தால் அந்த ஆளுக்குச் சிகிச்சையில் இடம் உண்டு. ஒரு வருஷத்துக்கு வாராவாரம் டாக்டரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம், மாத்திரையும் உண்டு. பன்னிரண்டுக்குக் குறைந்தால் "உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று அனுப்பிவிட வேண்டியது. ஒன்றுமில்லை என்று கேட்டுச் சந்தோஷமாகப் படியிறங்கியவர்கள் அநேகம் பேர்.

கேள்வி கேட்பது செல்லக்கிளியின் வேலை. முப்பத்து நான்கு வயது, உடன்குடிக் கருப்பட்டிக் கடைக்காரர் மகள், மதுரையில் சமூகப்பணி படித்தவள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களை முறைத்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டாள். டாக்டருக்குப் பூர்வீகம் பாளையங்கோட்டைதான். என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ் என்பதால், இங்கே ஒருவர் வாய் திறந்தால் பாதி அவருக்குப் புரியாது. அந்தப் பாதிக்காகத்தான் செல்லக்கிளிக்குச் சம்பளம்.

கேள்விகளைத் தமிழாக்கியவர் மெட்ராஸில் ஒரு புலவர். "தங்கள் தன்னிலை குறித்துத் தெளிவின்மை உண்டா?" என்று ஒரு கேள்வி. அதைக் கேட்ட உப்பளத்துக்காரர் ஒருவர், தெளிவில்லைதான் அம்மா, ஆனால் கண்ணாடி போட்டால் தலை வலிக்கிறது என்றார். செல்லக்கிளி ஒரு வாரம் உட்கார்ந்து இருபதையும் பேச்சுத் தமிழுக்குக் கொண்டுவந்தாள். டாக்டர் மெச்சினார். அவளுக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போயிற்று.

நிமிர்ந்த தலை இன்னும் நிமிர்ந்தது சுடலைமாடனால். கேள்விகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, ஒரு குறையும் இல்லாத சாதாரண ஆட்கள் ஐம்பது பேரிடமும் அவற்றைக் கேட்டார்கள். அதில் ஒருவர் சுடலைமாடன், உடன்குடிக்குப் பக்கத்தில் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் வாழைக்காய்க் கடை வைத்திருந்தவர். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். நாலு பிள்ளை, நிம்மதியான தூக்கம். அவருக்குப் பன்னிரண்டு வந்துவிட்டது. டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். தாளை வாங்கி, தான் எழுதியிருந்த பதில்களைத் திரும்பப் படித்த செல்லக்கிளி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

ஏழாவது கேள்வி: மற்றவர்கள் முன்னால் வேஷம் போடுகிறீர்களா? சுடலைமாடன் சொன்ன பதில்: "போடாம? பதினோரு வருசமா காளி வேஷம்லா." பதினொன்றாவது: உங்களை நீங்களே காயப்படுத்திக்கொண்டது உண்டா? "அருள் வந்து ஆடையில அருவா படத்தான் செய்யும்." பதினாறாவது: நான் யார் என்றே தெரியாமல் போனதுண்டா? "அம்மா எறங்கிட்டான்னா அப்புறம் நான் எங்கன இருக்கேன்?"

குலசையில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு காப்புக் கட்டுவார்கள். காளியாக, குறவனாக, பிச்சைக்காரனாக வேஷம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை எடுத்து, பத்தாம் நாள் முத்தாரம்மன் கோயிலில் சேர்ப்பார்கள். செல்லக்கிளியின் சித்தப்பாவே ஆறு வருஷம் குரங்கு வேஷம் போட்டவர். "சார், இது பக்தி. இதுக்கு மார்க் போட்டா எங்க பக்கத்துல பாதிப் பேரு ஒங்க நோயாளிதான்" என்றாள். குரலில் சூடு இருந்தது. தன் மண்ணைக் கோட்டிக்கார மண்ணாக எழுதி மெட்ராஸுக்குக் கொண்டுபோக விடுவாளா அவள்?

டாக்டர் ஒத்துக்கொண்டார். வேஷம் போடும் வழக்கமுள்ள குலசைப் பக்கத்து ஆட்களுக்கு ஏழு, பதினொன்று, பதினாறு ஆகிய மூன்றையும் கழித்துவிடுவது என்று விதி எழுதினார். விளையாட்டாக அதற்குக் குலசைக் கழிவு என்று பெயரும் வைத்தார். பிறகு விளையாட்டு முற்றி, மெட்ராஸ் மாநாட்டுக்கு அவர் எழுதத் தொடங்கிய கட்டுரையில் அதுவே முக்கியமான பகுதியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் செல்லக்கிளிக்கு நன்றி தெரிவித்து ஒரு வரி. அந்த வரியைத் தட்டச்சில் பார்த்த அன்று அவள் அப்பாவுக்குக் கடிதம் போட்டாள்.

சிவனாண்டி வந்தது எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில். தசரா முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மட்டக்கடைப் பக்கம் குடியிருந்த அக்கா சீனித்தாய்தான் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மாடிப்படியில் ஏற்றிவிட்டு, கீழே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். இருபத்தேழு வயது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான்வரை மாட்டியிருந்தான். சங்குக் கிட்டங்கியில் வேலை. ஆறு வருஷத்தில் அது அவனுக்கு ஏழாவது வேலை.

"அங்க என்ன வேலை, தம்பி?" என்று செல்லக்கிளி அவனைப் பேச வைப்பதற்காகக் கேட்டாள்.

"பலகையில ஓட்டை போட்டிருக்கும்க்கா. சங்க அதுல விட்டுப் பாக்கணும். நொழையலன்னா தேறுச்சு. ஓட்டைக்குள்ள விழுந்துட்டுன்னா கழிவு. திரும்பக் கடல்ல கொண்டு போட்டுருவாவ, உசுரு இருந்தா வளரட்டும்னு."

"ஊரு?"

"குலசை. ஒங்களுக்கு?"

"உடன்குடி."

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப நம்ம பக்கந்தான். தப்பிச்சேன். மெட்ராஸ்காரவுகட்ட ஆதியில இருந்து ஒவ்வொண்ணா வெளக்கணுமேன்னு பயந்துக்கிட்டே வந்தேன்" என்றான். செல்லக்கிளிக்கும் மனசு குளிர்ந்தது. முதல் பக்கத்தை நிரப்ப ஆரம்பித்தாள். பெயர், வயது, வேலை. தாய் தகப்பன் உண்டா என்றதற்கு, அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள், அப்பா இந்த ஆனியில் என்றான். அடடா என்று சொல்லிக்கொண்டே, தகப்பனார் ஆனி மாதம் காலமானார் என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். பின்னால் இருபது கேள்வி காத்துக்கிடந்ததே.

அவன் ஒளிக்கவில்லை. யாராவது நன்றாகப் பேசினால் அவர்களே உயிர் என்று விழுவானாம். ஒரு நாள் முகம் திருப்பினால் ஆயுசுக்கும் பகையாம். ஏழு முதலாளியும் முதலில் தெய்வம், பிறகு பேய். கோபம் வந்தால் தட்டு பறக்கும், அடுத்த நிமிஷம் அக்கா காலைக் கட்டிக்கொண்டு அழுகை. செல்லக்கிளி அவன் சொன்னதை எழுதி, 'ஆம்' 'ஆம்' என்று குறித்துக்கொண்டே வந்தாள்.

ஏழாவது கேள்வியில் அவனே சிரித்தான். "குலசைக்காரன்ட்ட போய் இதக் கேக்கலாமாக்கா? பத்து வயசுல இருந்து போடுதேன்." பிறகு சிரிப்பு அடங்கி, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன்போல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வேஷத்துல இருக்கும்போதுதான் நான் ஒரு ஆளு. கழட்டிட்டா உள்ள ஒண்ணும் இல்ல. வத்திப்போன உப்புப் பாத்தி மாதிரி கெடக்கும். அது இல்லாம ஒரு வருசம் ஓட்டணும்னா எப்படிக்கா ஓட்டுவேன்?"

அடுத்த தசரா வர ஒரு வருஷம் இருக்கிறதே என்று ஏங்குகிறான் என்று செல்லக்கிளி நினைத்தாள். அவள் சித்தப்பாவும் வேஷம் கழற்றிய பிறகு ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடப்பார்.

பதினொன்றாவது கேள்விக்கு அவன் வாயால் பதில் சொல்லவில்லை. இடது கைப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கைவரை ஏற்றினான். ஏழெட்டுக் கோடுகள். சில ஆறியவை, இரண்டு இன்னும் சிவப்பாக இருந்தன.

"இது?" என்றாள்.

"ஒங்களுக்குத் தெரியாததாக்கா."

அவள் முகத்தையே பார்த்தபடி அதைச் சொன்னான். உடன்குடிக்காரி ஆயிற்றே, தெரியாமல் இருக்குமா! "தெரியும், தெரியும்" என்றாள் அவள், தம்பிக்குச் சொல்வதுபோல. அவன் கண் கலங்கிவிட்டது. சட்டையை இறக்கிப் பொத்தானை மாட்டிக்கொண்டு, பெரிய பாரத்தை இறக்கிவைத்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்தான். மூன்று வாரமாகியும் ஆறவில்லையே என்று செல்லக்கிளிக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. உப்புத் தண்ணீரில் கை நனைக்கிறவனுக்குக் காயம் லேசில் ஆறாது என்று அதற்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டாள். தாளில் இப்படி எழுதினாள்: வேஷத்தில் ஏற்பட்ட காயம், கழிக்கவும்.

பதினாறாவதுக்கும் 'ஆம்'தான். மொத்தம் பதின்மூன்று வந்தது. கழித்தால் பத்து.

டாக்டர் தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். "மத்த பத்தும் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கே, செல்லக்கிளி. இந்தப் பையனை எடுத்துக்கிட்டா என்ன? ஒரு இடம் இன்னும் காலியாத்தானே இருக்கு."

அந்த நிமிஷத்தில் அவள் சரி சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளோ விதியைப் பிடித்துக்கொண்டாள். "நாமளே எழுதின விதிய நாமளே மீறினா எப்படி சார்? சுடலைமாடனுக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா? வேஷம் போடுத பிள்ளை, அப்பனைப் பறிகொடுத்த துக்கம் வேற. நாள் போனாச் சரியாயிடுவான். ஒங்களுக்கு எங்க ஊரு தெரியாது." கடைசி வாக்கியத்தில் இருந்த கர்வத்தை மறைப்பதற்கில்லை. டாக்டர் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டுரைக்கும் விதி மீறாமல் இருப்பதுதான் நல்லது என்று அவருக்கும் பட்டிருக்கும்.

ஒரு வாரம் கழித்து முடிவு கேட்க அவன் தனியாக வந்தான். தலை சீவி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிறவன்போல் வந்து நின்றான்.

"நல்ல சேதிதான் தம்பி. ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. பத்துதான் வந்திருக்கு. பன்னெண்டு வந்தாத்தான் இங்க எடுப்பாவ."

அவன் புரியாமல் அவளையே பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்தான். "அப்ப நான் ஓட்டைக்குள்ள விழுந்துட்டேன்னு சொல்லுங்க" என்றான்.

செல்லக்கிளியும் கூடச் சிரித்தாள். நல்ல நகைச்சுவை என்றுதான் நினைத்தாள். அவன் கும்பிட்டுவிட்டு, குடையை மறந்துவிட்டு இறங்கிப் போனான். குடை கதவு மூலையிலேயே நின்றது, வந்து எடுத்துக்கொள்வான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மார்கழியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சீனித்தாய் வந்தாள். டாக்டர் ஊரில் இல்லை, மாநாட்டில் கட்டுரை வாசிக்க மெட்ராஸ் போயிருந்தார். சீனித்தாய் குடைக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்து செல்லக்கிளி மூலைக்குப் போனாள்.

"அது கெடக்கட்டும் அம்மா. இனி யாரு பிடிக்கப் போறா?" என்றாள் சீனித்தாய்.

பத்து நாளாகிவிட்டது. கடலோரம் செருப்பையும் சட்டையையும் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மூன்று நாள் தேடினார்களாம். பிறகு உடல் கரை ஒதுங்கியிருப்பதாக ஆலந்தலை மீனவர்கள் சொல்லி அனுப்பினார்களாம். இதையெல்லாம் சீனித்தாய் அழாமல் சொன்னாள். அழுகை தீர்ந்துபோன குரல் அது. செல்லக்கிளி மூலையிலிருந்து திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். சீனித்தாய் உட்கார்ந்தாள்.

"அவன் பேசுனத நீங்க எழுதி வச்சிருக்கீயளாமே. எனக்குப் படிக்கத் தெரியாது. வாசிச்சுக் காட்டுவீயளா? அவன் வாயில வந்தத ஒருதடவ கேட்டுட்டுப் போயிருதேன்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? செல்லக்கிளி அலமாரியைத் திறந்து தாளை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். பெயர் சிவனாண்டி. வயது இருபத்தேழு. தகப்பனார் ஆனி மாதம் காலமானார். சீனித்தாய் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். முதலாளிகள் தெய்வமாகிப் பேயான கதைக்கு உதட்டோரம் சிரிப்புக்கூட வந்தது. வேஷத்தைக் கழற்றினால் உள்ளே ஒன்றுமில்லை என்பதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

பதினொன்று வந்தது. செல்லக்கிளி வேகத்தில் வாசித்துவிட்டாள். "வேஷத்தில் ஏற்பட்ட காயம், கழிக்கவும்."

"வேஷமா?" என்றாள் சீனித்தாய். "எந்த வேஷம்?"

"தசராவுல..."

"இந்த வருசம் துட்டி வீடுல்லா அம்மா. அப்பா செத்து ஒரு வருசம் ஆவாம அவன் எங்கன காப்புக் கட்டுவான்? பத்து நாளும் வீட்டுக்குள்ளயே கதவச் சாத்திட்டுக் கெடந்தான். மேளச் சத்தம் கேட்டா காதப் பொத்திக்கிடுவான்."

செல்லக்கிளி முதல் பக்கத்தைத் திரும்பப் புரட்டினாள். துட்டி விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் காப்பு இல்லை, வேஷம் இல்லை, கோயில் வாசல்கூட இல்லை. உடன்குடியில் பால்குடி மறந்த பிள்ளைக்குத் தெரியும் அது. அவள் சித்தப்பாகூடப் பாட்டன் செத்த வருஷம் குரங்கு முகமூடியைப் பரணில் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாரே. மெட்ராஸ் டாக்டருக்குத் தெரியாமல் போகலாம். அவளுக்குத் தெரியாமல் போகலாமா? ஆனி மாதம் என்று முதல் பக்கத்தில் எழுதியது அவள் கை. அது இல்லாமல் ஒரு வருஷம் எப்படி ஓட்டுவேன் என்று அவன் கேட்டது அவளிடம். அவன் காட்டிய கை, வேஷம் இல்லாத வருஷத்துக் கை.

சீனித்தாய் தன் நினைவிலேயே பேசிக்கொண்டிருந்தாள். "அந்தக் கைய நான் அவனக் கெடத்தியிருக்கும்போதுதான் பாத்தேன். வீட்டுல ஒரு நாளும் சட்டையக் கழட்ட மாட்டான். இங்க வந்துட்டுப் போன அன்னைக்கி எம்புட்டு சந்தோசமா இருந்தான் தெரியுமா? அந்த அக்கா உடன்குடிக்காரவுக, நான் வாயத் தொறக்கவே வேண்டாம், பாத்ததும் தெரியும் தெரியும்னு சொல்லிட்டாவன்னான். என்னல தெரியும்னு கேட்டேன். சொல்லல."

கீழே கிட்டங்கியில் யாரோ மூட்டையை இறக்கிப் போடும் சத்தம் கேட்டது. சீனித்தாய் தாளை எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் ஆனாலும் எழுத்தைப் பார்க்க ஆசை.

"கழிக்கவும்னா என்னம்மா?"

பொய் சொல்லத் தோதான இடம்தான். கேட்பவள் படிக்காதவள், டாக்டர் ஊரில் இல்லை, செத்தவன் சாட்சிக்கு வரப்போவதில்லை. செல்லக்கிளி தாளை மேஜையில் வைத்தாள்.

"கணக்குல சேக்க வேண்டாம்னு அர்த்தம்" என்றாள். "அவன் சொன்னத நான் சேக்கல. வேஷத்துல பட்டதுன்னு நானா நெனச்சு, இதோட சேத்து மூணு பதில வெட்டிட்டேன். சேத்திருந்தா அவனுக்கு இங்க இடம் கெடச்சிருக்கும். டாக்டர் எடுத்துக்கலாம்னுதான் சொன்னாரு. வேண்டாம்னது நான்தான்."

சீனித்தாய் அவளை வையவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. செல்லக்கிளி அதற்கெல்லாம் தயாராகக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப அவன் சொல்லியிருக்கான்" என்றாள் சீனித்தாய் மெதுவாக.

"சொன்னான்."

"ஒரு வார்த்த யார்ட்டயும் சொல்லாமப் போயிட்டானேன்னு பத்து நாளா அவனத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். பாவி மட்டை, ஒரு வார்த்த வாயத் தொறந்தியால, யார்ட்டயாவது சொன்னியாலன்னு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று செல்லக்கிளி எதிர்பார்த்தாள். போகவேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சவே செய்தாள். சீனித்தாய் நாற்காலியை மேஜைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மிச்சத்தையும் வாசிங்க" என்றாள்.

இன்னும் ஒன்பது கேள்வி இருந்தது. செல்லக்கிளி பன்னிரண்டாவதை வாசிக்கத் தொடங்கினாள்.